நான் மேனேஜர் இல்லை என்பதற்கான சான்றுகள்

ஜூன் 4, 2018, திங்கள்

காலை பத்து இருபதுக்கு எனக்கு வேலை போயிற்று. பத்து நாற்பதுக்கு என் நாற்காலியை இரண்டு பேர் கேன்டீனுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாற்காலிக்கு உடனே வேறு வேலை கிடைத்துவிட்டது.

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். எங்களுடையது கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் செய்கிற கம்பெனி. மாவு சூடாகிறது, கல் சுற்றவில்லை, சத்தம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார் என்று போன் செய்கிறவர்களுக்குப் பதில் சொல்வது புகார்ப் பிரிவு. அதில் பதினொரு பேர். நான் சேர்ந்து பத்தொன்பது வருடம்.

முதலாளியின் மகன் வந்தார். எல்லோரும் அவரைச் சின்னவர் என்போம். உட்காரவில்லை. "ஃப்ரெண்ட்ஸ், ஒரு நல்ல செய்தி" என்று ஆரம்பித்தார். நல்ல செய்தி பெங்களூர்க்காரர்களுக்கு. இனிமேல் புகார்களையெல்லாம் அங்கே ஒரு நிறுவனம் பார்த்துக்கொள்ளுமாம்.

"எப்ப இருந்துங்க?" என்று வசந்தாமணி கேட்டாள்.

"இப்ப இருந்து."

முன்னால் ஒரு கூட்டம் இல்லை, நோட்டீஸ் இல்லை. எங்களில் ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன மாதம் கேன்டீன் சுவருக்குப் பெயின்ட் அடிக்கும்போதுகூடப் பச்சையா மஞ்சளா என்று சுற்றறிக்கை விட்டுக் கேட்டார்கள். நான் மஞ்சள் என்று எழுதிக் கொடுத்தேன். பச்சை அடித்தார்கள். ஆனாலும் கேட்டார்கள்.

ஆளுக்கொரு கவர். "தாங்கள் நிர்வாகப் பதவி வகிப்பதால் தொழிலாளர்களுக்கான ஆட்குறைப்பு இழப்பீடு தங்களுக்குப் பொருந்தாது. நல்லெண்ண அடிப்படையில் ஒரு மாதச் சம்பளம் வழங்கப்படும்." கடிதத்தில் என் பெயருக்குக் கீழே: துணை மேலாளர், வாடிக்கையாளர் உறவு.

பஸ்ஸில் அந்தப் பதவியை இரண்டு முறை வாசித்தேன். கேவலம், கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் 5

காலையில் ஏழு போன். ஏழும் கிரைண்டர். வாரண்டி அட்டையில் என் சொந்த கைப்பேசி எண்ணை அச்சடித்திருக்கிறார்கள், 2011லிருந்து. அப்போது அது மரியாதை என்று நினைத்தேன்.

"இந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை" என்று நானே குரலை மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். ஈரோட்டுக்கார அம்மா விடவில்லை. "ரேணுகா மேடம்தானுங்க பேசறது? சளியாட்ட இருக்குதுங்களே. கசாயம் வெச்சுக் குடிங்க. அப்பறம் இந்த பெல்ட்டு..."

பெல்ட்டைச் சரிசெய்யச் சொல்லிக் கொடுத்தேன். சம்பளம் இல்லாமல் வேலை பார்ப்பது இத்தனை சுலபமாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

ஜூன் 9, சனி

வக்கீல் ஷகிலா பானுவைப் பார்க்கப் பதினொரு பேரும் போனோம். ஒரு பேக்கரிக்கு மாடியில் அலுவலகம். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். தேங்காய் பன் வாசனைக்கு நடுவே சட்டம் சொன்னார். ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், இல்லையென்றால் அதற்கான சம்பளம். பணி செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம். அரசுக்கும் தெரிவிக்க வேண்டும். இவர்கள் எதையும் செய்யவில்லை. ஆனால் இதெல்லாம் தொழிலாளிக்கு. மேனேஜருக்கு இல்லை.

"உங்கள்ல யாரு யாரு மேனேஜர்?"

எல்லோரும் விசிட்டிங் கார்டை எடுத்து மேசையில் வைத்தோம். சீனியர் எக்ஸிகியூட்டிவ், டீம் லீடர், அசிஸ்டன்ட் மேனேஜர். தொழிலாளி ஒருவர்கூட இல்லை. எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜைக்குப் பொரி, கடலை, விசிட்டிங் கார்டு கொடுப்பார்கள். சம்பளம் ஏறாத வருடம் கார்டில் பதவி ஏறும். ஏறாத வருடங்கள் நிறைய.

ஷகிலா என் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருக்கறதுலயே பெரிய பட்டம் உங்களுதுதானுங்க்கா. இது உடைஞ்சா மத்ததெல்லாம் தானா உடையும். உடையலைன்னா பதினொரு பேருக்கும் ஒண்ணும் கிடைக்காது. அதனால நீங்க ஒண்ணுமே இல்லாத ஆளுன்னு காட்டணும்."

"சாட்சி வேணும்னா அவங்க மாமியாரக் கூப்புடலாங்க" என்றாள் வசந்தாமணி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு வருடத்தில் அவள் என்னைக் குறிவைத்துச் சொன்ன முதல் வாக்கியம் அது.

தினமும் தேதி போட்டு எழுதி வைக்கச் சொன்னார் ஷகிலா. ஏற்கெனவே எழுதுகிறேன் என்றேன். "அதை யாருக்கும் காட்டாதீங்க" என்றார்.

ஜூன் 10

வசந்தாமணியும் நானும் பதினாறு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவர்கள். பேச்சு நின்றதற்குக் குறிப்பிட்ட காரணம் எதுவும் இல்லை.

ஜூன் 14

கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் பித்தளைப் பலகையைக் கழற்றச் சொன்னேன். "ஆர். ரேணுகாதேவி, பி.எஸ்ஸி., டெபுடி மேனேஜர்" என்று இருக்கும். கீழே சின்ன எழுத்தில் என் கணவர் ஈஸ்வரமூர்த்தியின் பெயர். அவர்தான் ஆசைப்பட்டு அடித்து வந்து மாட்டினார்.

"கம்பெனிக்காரன் போட்டோ எடுத்து கோர்ட்ல காட்டுவான். கழட்டிருங்க."

"அதுக்காக? எங்கண்ணன் வீட்ல கேப்பாங்களே ரேணு."

"பாலிஷ் போடக் குடுத்திருக்குன்னு சொல்லுங்க."

கழற்றினார். சுவரில் நீள்சதுரமாக ஒரு வெள்ளைத் தடம் விழுந்திருக்கிறது. அதற்கு மேல் மாட்டுவதற்கு ஒரு காலண்டர் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 23, சனி

நான் மேனேஜர் இல்லை என்பதற்குச் சான்றுகள் திரட்டிக்கொண்டிருக்கிறேன். பரிட்சைக்குப் படிப்பதுபோல இருக்கிறது, பாடம் மட்டும் நான்.

எனக்கு அறை கிடையாது. சாவி கிடையாது. லீவு கேட்டு வருகிறவர்களின் படிவத்தை வாங்கி மாடிக்கு அனுப்புவேன். அனுப்பியதற்கு அடையாளமாக ஒரு சுழி போடுவேன், அவ்வளவுதான். ஸ்டேப்ளர் முள் தீர்ந்தால் எழுதிக் கேட்க வேண்டும். 2013ல் என் ஹெட்போன் ஒரு காதில் கேட்காமல் போனது. மாற்றித்தரச் சொல்லி ஐந்து கடிதம். ஐந்தாவதுக்குப் பதில் வந்தது: இன்னொரு காது வேலை செய்கிறதா?

எழுத எழுத உற்சாகமாகிவிட்டது. பன்னிரண்டு பக்கம். மத்தியானம் சாதம் அடிப்பிடித்தது. சாயங்காலம் மொத்தத்தையும் ஒரு முறை படித்தேன். இந்தப் பெண்மணியை எனக்குத் தெரியும், ஆனால் இவ்வளவு நெருக்கத்தில் பார்த்ததில்லை. பேசாமல் எழுந்து போய் துணி மடித்தேன்.

மகள் கவிநயாவின் நர்சிங் காலேஜுக்கு ஆகஸ்டில் ஃபீஸ் கட்ட வேண்டும். அதனால் இந்தப் பெண்மணிதான் ஜெயிக்க வேண்டும்.

ஜூலை 6, வெள்ளி

தொழிலாளர் துறை அலுவலகத்தில் முதல் அமர்வு. சமரச அதிகாரி ஐம்பது வயதைத் தாண்டியவர், அலுத்த முகம். கம்பெனி தரப்பில் ஒரு வக்கீலும், எச்.ஆர். மேனேஜர் சம்பத்குமாரும். சம்பத்குமார் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். அங்கே இருந்தவர்களில் நிஜமான மேனேஜர் அவர் ஒருவர்தான். அதை அவர் ஒரு நிமிடம்கூட மறக்க விடமாட்டார்.

அதிகாரி கம்பெனி பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "எங்க வீட்லயும் உங்க கிரைண்டர்தான். ஒரு மாசமா கிறீச் கிறீச்னு கத்துது."

"மாவு போட்டாலும் கத்துதுங்களா, இல்ல வெறுமன சுத்தும்போது மட்டுங்களா?" என் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"மாவு போட்டாலும்."

"ஒரே கல்லு பக்கத்துல இருந்து வருதுங்களா?"

"ஆமா."

"உள்ள இருக்கற நைலான் புஷ் தேஞ்சிருக்குங்க சார். சின்ன சாமான்தான். கல்லையெல்லாம் மாத்தச் சொன்னா மாத்தாதீங்க, ஏமாத்தறாங்க."

ஷகிலா துள்ளி எழுந்தார். "சார், இதைப் பதிவு பண்ணிக்குங்க. இதுதான் இவங்க வேலை. பத்தொன்பது வருசமா இதேதான்."

"எல்லா மேனேஜருக்கும் தொழில் தெரிஞ்சிருக்கும் சார்" என்றார் சம்பத்குமார்.

"அப்ப நீங்க சொல்லுங்க, புஷ் எங்க இருக்கு?" என்று அதிகாரி அவரைக் கேட்டார். சம்பத்குமார் தன் கோப்பைத் திறந்து தேடினார். எனக்குத் தெரிந்து அதில் கிரைண்டர் படம் எதுவும் இல்லை.

வெளியே வந்ததும் எல்லோரும் என் கையைக் குலுக்கினார்கள். வசந்தாமணி மட்டும் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.

ஜூலை 20, வெள்ளி

இரண்டாம் அமர்வு. கம்பெனி வக்கீல் ஒரே ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தார்.

அந்தத் தாள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இத்தனை நாளும் ஷகிலாவிடம் சொல்லவில்லை. இந்த நோட்டிலும் எழுதவில்லை.

அது ஒரு மெமோ. தேதி 17 நவம்பர் 2016. சீனியர் எக்ஸிகியூட்டிவ் வசந்தாமணி நேற்று நாற்பது நிமிடம் தாமதமாக வந்ததைக் கண்டிப்பதாகவும், இது தொடர்ந்தால் நடவடிக்கைக்குப் பரிந்துரைக்க நேரும் என்றும். கையெழுத்து: ஆர். ரேணுகாதேவி, துணை மேலாளர்.

"கீழ வேலை பாக்கறவங்களக் கண்டிச்சு மெமோ குடுக்கறவங்க தொழிலாளியா சார்?" என்று கம்பெனி வக்கீல் கேட்டார். அதிகாரி என்னைப் பார்த்தார். அடுத்த அமர்வுக்குத் தேதி கொடுத்தார்.

படிக்கட்டில் ஷகிலா என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். "எச்.ஆர்ல டைப் அடிச்சுக் குடுத்தாங்க, கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டீங்க. அப்பிடித்தானுங்க்கா நடந்திருக்கும்?"

"ம்" என்றேன்.

வசந்தாமணி இரண்டு படி கீழே நின்று செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அந்த வாரில் ஒன்றும் கோளாறு இல்லை.

ஜூலை 22, ஞாயிறு

வசந்தாமணி வீட்டுக்கு வந்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு. காலண்டரைப் பார்த்துவிட்டு, "இங்க ஒரு போர்டு இருந்துதே?" என்றாள்.

"பாலிஷ் போடக் குடுத்திருக்கு."

"நல்லாப் பளபளன்னு போடச் சொல்லுங்க."

காப்பி வைத்தேன். அவளுக்குச் சர்க்கரை அரைக் கரண்டி. கை மறக்கவில்லை.

"ரேணுக்கா, அவுங்க என்னைய விசாரிச்சா, ஆபீஸ்ல எழுதிக் குடுத்ததுன்னே சொல்லிப்போடறேன். எனக்கும் பணம் வேணும்ல. பதினாறு வருசம்." டம்ளரைக் கீழே வைத்தாள். "ஆனா இங்க யாரும் இல்ல. எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. யாரு எழுதுனது?"

அப்போது பார்த்து போன் அடித்தது. தாராபுரத்தில் ஒரு கிரைண்டர் மாவைக் கொட்டச் சாய மறுக்கிறது. நான் பேசி முடிப்பதற்குள் அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தாள்.

இவ்வளவு சீக்கிரம் தீரக்கூடிய புகாரை நான் பதினைந்து நிமிடம் பேசியிருக்கிறேன்.

ஜூலை 25, புதன்

சரி, எழுதிவிடுகிறேன்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு டெபுடி மேனேஜர் கார்டு கிடைத்தது. நூறு கார்டு, பளபளப்பான அட்டைப்பெட்டியில். பிரிவில் எல்லோருக்கும் ஒவ்வொன்று கொடுத்தேன். வசந்தாமணி வாங்கிப் பார்த்து, "ஏனுங்க மேடம், இதக் காட்டுனா கேன்டீன்ல எக்ஸ்ட்ரா சட்னி குடுப்பாங்களா?" என்றாள். பிரிவே சிரித்தது. புதிதாகச் சேர்ந்த பெண்கூடச் சிரித்தாள்.

ஒரு மாதம் கழித்து அவள் தாமதமாக வந்தாள். பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்த மறு வாரம் அது. ஊரே வங்கி வாசலில் நின்றது. எனக்குப் பதிலாக என் கணவர் நின்றார். ஏன் தாமதம் என்று அவளைக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏதாவது நியாயமான காரணம் சொல்லிவிடுவாள் என்று தோன்றியது.

யாரும் டைப் அடித்துக் கொடுக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து மூன்று முறை எழுதினேன். "கண்டிக்கிறேன்" என்பதா "வன்மையாகக் கண்டிக்கிறேன்" என்பதா என்று கணவரிடம் யோசனை கேட்டேன். மறுநாள் நானே டைப் அடித்தேன். ஒரு நகல் எச்.ஆருக்கு. மார்ச் மாதம் அவளுக்குச் சம்பள உயர்வு வரவில்லை. கேட்கப் போனவளிடம் சம்பத்குமார், "உங்க மேடமே எழுதிக் குடுத்துட்டாங்களே" என்றாராம். மெமோ கொடுத்த நாளிலிருந்தே அவள் என்னிடம் பேசவில்லை. ஒரு நாள் நானே போய்ப் பேசியிருக்கலாம். எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. உண்மை என்னவென்றால், என் கையெழுத்துக்கு அவ்வளவு பலமா என்று கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

ஆகஸ்ட் 9

நாளை அமர்வு. ரேஷன் கடைக்குப் போனேன். பருப்பு இல்லை.

ஆகஸ்ட் 10, வெள்ளி

அதிகாரி மெமோவை எடுத்து முதலில் வசந்தாமணியைத்தான் கேட்டார். "இது உங்களுக்கு வந்துதாம்மா?"

"வந்துச்சுங்க சார். ஆனா அது மேடம் எழுதலீங்க. ஆபீஸ்ல எழுதிக் குடுத்தாங்க, மேடம் கையெழுத்து மட்டும்தானுங்க." அவள் என் பக்கம் பார்க்கவேயில்லை. பாடம் ஒப்பிக்கிற பிள்ளைபோல ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். எனக்காகப் பொய் சொல்லும்போதும் மரியாதையாக மேடம் என்கிறாள்.

அந்த மேடம்தான் என்னைக் கிளப்பிவிட்டது.

"சார், அது பொய்ங்க. நானேதான் எழுதுனேன். யாரும் சொல்லல. என்ன ஏதுன்னு அவளை ஒரு வார்த்தை கேக்காம எழுதுனேன். அதனால அவளுக்கு இன்க்ரிமென்டும் நின்னுதுங்க."

ஷகிலா கண்ணை மூடிக்கொண்டார். எனக்குப் பின்னால் ஒன்பது பேரின் மூச்சு நின்றது காதில் விழுந்தது. கம்பெனி வக்கீலுக்கு முகமெல்லாம் பல்.

"அதிகாரம் இருந்ததாலதானே எழுதுனீங்க?" என்றார் அதிகாரி.

"இருக்குதான்னு எனக்கே தெரியாதுங்க. எழுதிப் பாத்தேன்."

சம்பத்குமாருக்குப் பொறுக்கவில்லை. "எழுதிப் பாத்தீங்களா? சார், மெமோ குடுக்கறது என்னோட டிபார்ட்மென்ட் வேலை. இவங்க பாட்டுக்கு மெமோ எழுதுனா அப்பறம் எச்.ஆர்னு நான் எதுக்குங்க? இவங்களுக்கு ஒரு மெமோ குடுக்கற ரைட்ஸ் என்னிக்குமே கிடையாது."

கம்பெனி வக்கீல் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். சம்பத்குமார் கையை உதறினார்.

"அப்ப அந்த மெமோவ வெச்சு நடவடிக்கை எடுக்கலையா?" அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"இவங்க எழுதறதப் பாத்து நான் ஆக்‌ஷன் எடுப்பனா சார்? ஃபைல்ல சொருகி வெச்சேன், அவ்வளவுதான்."

"அந்தம்மாவுக்கு இன்க்ரிமென்ட் நின்னுதே?"

"அந்த வருசம் அந்தப் பிரிவுல யாருக்குமே குடுக்கல சார். கேக்க வர்றவங்ககிட்ட ஏதாச்சும் ஒண்ணு சொல்லணும்ல? இவங்ககிட்ட இதச் சொன்னேன்."

அதிகாரி நிதானமாக, சொல் சொல்லாக எழுதினார். எழுதியதைச் சம்பத்குமாருக்கே வாசித்துக் காட்டினார். "மெமோ வழங்கும் அதிகாரம் இவருக்கு எக்காலத்திலும் இருந்ததில்லை என நிர்வாகத் தரப்பு தெரிவித்தது. சரிதானுங்களே?"

"கரெக்ட்" என்று நிமிர்ந்து சொன்னார் சம்பத்குமார். தன் பதவியைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. பக்கத்தில் அவருடைய வக்கீல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் எனக்கும்தான் உயர்வு வரவில்லை. கார்டு வந்த சந்தோஷத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 11

இரண்டு வருடமாக நான் சுமந்த ஒரே ஒரு பாவம், அதுவும் செல்லாது என்று அரசாங்கக் காகிதத்தில் பதிவாகிவிட்டது. நிம்மதியாக இருக்க வேண்டும். அவமானமாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் ஃபிரிட்ஜைச் சுத்தம் செய்தேன்.

ஆகஸ்ட் 24

கம்பெனி இறங்கி வந்தது. வருடத்துக்குப் பதினைந்து நாள், நோட்டீஸுக்கு ஒரு மாதம், பதினொரு பேருக்கும். ஷகிலா போனில் கத்தியே சொன்னார். "உங்கள எதுக்காகத் திட்டறது, எதுக்காகப் பாராட்டறதுன்னு தெரியலைங்க்கா. ரெண்டையும் நேர்ல வந்து வாங்கிக்குங்க."

கவிநயாவின் ஃபீஸுக்கு ஒரு வாரம் தவணை கேட்டுவிட்டேன்.

செப்டம்பர் 7, வெள்ளி

ஒப்பந்தத்தில் கையெழுத்து. ஒவ்வொருவராகப் போய் காசோலை வாங்கினோம். பத்தொன்பது வருடம் ஒரு தாளில் அடங்கி கைப்பைக்குள் போய்விட்டது. அதிகாரி தன் வீட்டு கிரைண்டர் கத்துவதை நிறுத்திவிட்டது என்றார். அன்றைய அமர்வில் நடவடிக்கைக் குறிப்பில் ஏறாத விஷயம் அது ஒன்றுதான்.

மற்றவர்கள் பஸ்ஸுக்கு ஓடினார்கள். வசந்தாமணி மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள்.

"அந்த மெமோ செல்லாதுன்னு தெரிஞ்சிருந்தா ரெண்டு வருசமா உங்களத் திட்டியிருக்க மாட்டேன். எத்தன திட்டு! பாதி நானே கண்டுபிடிச்சது" என்றாள்.

"செல்லாதுன்னாலும் எழுதுனது நாந்தானே."

"அது தெரியும். எழுத்தப் பாத்தன்னிக்கே தெரியும். ஆபீஸ்ல யாரு அப்பிடி இலக்கணமா எழுதுவாங்க?"

எதிரில் இருந்த பேக்கரிக்குப் போனோம். இரண்டு டீ சொன்னேன். ஒன்றுக்கு அரைச் சர்க்கரை. இதற்குமேல் என்ன பேசுவது என்று தெரியவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை மெமோபோல மூன்று முறை மனதில் எழுதி அழித்தேன். அவள் டீயை ஊதிக்கொண்டே சொன்னாள்.

"கேளுங்க."

"என்ன கேக்க?"

"அன்னிக்கு ஏன்டி லேட்டுன்னு கேளுங்க. கேக்காம டீ எறங்காது எனக்கு."

"வசந்தா, அன்னிக்கு ஏன்டி லேட்டு?"

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். எங்கள் பிரிவில் டீக்கு எல்லோரும் மாதாமாதம் போடுகிற பணம் அவளிடம்தான் இருக்கும். மொத்தமும் பழைய ஐந்நூறாக இருந்ததாம். அதை மாற்றத்தான் காலை ஆறு மணியிலிருந்து வரிசையில் நின்றாளாம். வரிசையில் முன்னால் நின்ற ரிட்டயர்டு வாத்தியார், நடுவில் நுழையப் பார்த்த அத்தைக்காரி, ஃபாரத்தில் கையெழுத்து சேரவில்லை என்று திருப்பி அனுப்பிய கேஷியர் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். கேஷியருடைய குரலில் பேசிக் காட்டினாள். பக்கத்து மேசைக்காரர்கள் பப்ஸைக் கையில் பிடித்தபடி கேட்டார்கள்.

மெமோவைக் கொடுத்துவிட்டு அன்று பதினொரு மணிக்கு நான் குடித்த டீயும் அந்தக் காசில்தான்.

நாற்பது நிமிடத் தாமதத்துக்கு அவள் கொடுத்த விளக்கம் ஒன்றேகால் மணி நேரம். கைப்பையில் போன் இரண்டு முறை அடித்தது. நான் எடுக்கவில்லை.